இரவில் வாங்கும் வெப்பம்

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ வேறொரு பிரிட்டிஷ் நகரத்திலோ முதன்முறையாக வாடகைக்கு ஃபிளாட் எடுக்கும் தமிழ் மாணவரும் செவிலியரும், சில கட்டடங்களில் சுவரோரமாக நிற்கும் ஒரு வெள்ளை இரும்புப் பெட்டியைப் பார்ப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் நகராத கனம். மேலே ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் இரண்டு குமிழ்கள். ஒன்றில் ‘இன்புட்’ என்றும் மற்றொன்றில் ‘அவுட்புட்’ என்றும் எழுதியிருக்கும். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் ஏஜெண்ட் பெரும்பாலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நவம்பரில் குளிர் இறங்கியதும் இரண்டு குமிழ்களையும் கடைசிவரை திருகி வைப்பார்கள். விடிகாலையில் வீடு அனலாக இருக்கும். எல்லோரும் வேலைக்கும் வகுப்புக்கும் போன பிறகு, பூட்டிய வீட்டைப் பெட்டி நாள் முழுக்கச் சூடாக்கிக்கொண்டிருக்கும். மாலை 6 மணிக்குத் திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் ஆறிப்போயிருக்கும். குளிர் தாங்காமல் கடையில் ஒரு விசிறி ஹீட்டர் வாங்கிவந்து செருகுவார்கள். அடுத்த பில் வரும்போது, வீடு பாதி நேரம் குளிர்ந்தே கிடந்தாலும் தொகை மட்டும் எகிறியிருக்கும்.

ஸ்டோரேஜ் ஹீட்டர் எனப்படும் இந்தப் பெட்டி பழுதானதாகவே இருக்கவேண்டியதில்லை. அது வேலை செய்யும் முறை மற்ற ஹீட்டர்களைப் போன்றதன்று. எத்தனை யூனிட் வாங்குகிறோம் என்பதோடு, எந்த நேரத்தில் வாங்குகிறோம், எந்த நேரத்தில் வெளியே விடுகிறோம் என்பதும் சேர்ந்துதான் இதன் செலவைத் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயம் அந்த நேரக் கணக்கைப் பற்றியது.

கல்லுக்குள் பதினைந்து யூனிட்

பெட்டியின் உள்ளே இருப்பவை இரும்பு ஆக்சைடைச் சேர்த்து அழுத்திச் செய்த கனமான கற்கள். கற்களுக்கு இடையே மின்கம்பிச் சுருள்கள் ஓடுகின்றன. இரவில் இந்தச் சுருள்களில் மின்சாரம் பாய்ந்து கற்களை 600 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் சூடாக்குகிறது. சுற்றிலும் வெப்பத்தை எளிதில் கடத்தாத தடுப்பு அடைக்கப்பட்டிருப்பதால் வெளித் தகடு கற்களைவிட மிகக் குறைவாகவே சூடாகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் இன்னும் ஒரு தோசை வார்க்கும் அளவு சூட்டைத் தனக்குள் வைத்திருக்கிறதே, அதே இயற்பியல்தான் இங்கே பல மடங்கு பெரிய அளவில் நடக்கிறது.

தண்ணீருக்குப் பதில் கல் ஏன்? ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. இரும்பு ஆக்சைடுக் கல்லுக்கு ஏறக்குறைய 0.9 கிலோஜூல் போதும். இதை மட்டும் பார்த்தால் வெப்பத்தைச் சேர்த்துவைக்கத் தண்ணீரே சிறந்தது என்று தோன்றும். ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். கல்லுக்கு அந்தத் தடை இல்லை. 100 கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் 29,400 கிலோஜூல் சேரும். 3,600 கிலோஜூல் ஒரு யூனிட் என்பதால் இது சுமார் 8 யூனிட். 100 கிலோ கல்லை 20-லிருந்து 620 டிகிரிக்கு ஏற்றினால் 54,000 கிலோஜூல், அதாவது 15 யூனிட். மேலும் இந்தக் கல் தண்ணீரைவிட நான்கு மடங்கு அடர்த்தியானது. நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய கால்பங்குக்குள், கிட்டத்தட்ட இரு மடங்கு வெப்பம் அடங்கிவிடுகிறது. வாடகை ஃபிளாட்டின் சிறிய அறைகளில் இதற்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் இதுதான்.

பழைய ஹீட்டர்களில் 1.7, 2.55, 3.4 கிலோவாட் என்ற மூன்று அளவுகள் பரவலாகக் காணப்படுபவை. 3.4 கிலோவாட் பெட்டி, மின்சாரம் மலிவாக வரும் இரவின் ஏழு மணி நேரமும் முழுக்க இழுத்தால் 23.8 யூனிட். வரவேற்பறையில் இது ஒன்று, படுக்கையறையில் 1.7 கிலோவாட் ஒன்று என்றால் ஒரே இரவில் 35 யூனிட்டுக்கு மேல் போய்விடும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருகும்போது நாம் திருகுவது இவ்வளவு பெரிய தொகையைத்தான்.

பிரிட்டன் ஏன் இரவை விற்றது

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்துவைப்பது கடினம். எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். மாலையில் நாடே விளக்கைப் போட்டு அடுப்பைப் பற்றவைக்கும்போது தேவை உச்சத்துக்கு ஏறுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு சரிகிறது. ஆனால் பெரிய நிலக்கரி நிலையங்களையும் அணுமின் நிலையங்களையும் தினமும் இரவில் அணைத்துக் காலையில் பற்றவைப்பது எளிதும் அல்ல, சிக்கனமும் அல்ல. இரவில் வாங்க ஆள் இல்லாத மின்சாரத்துக்கு வாங்குபவரை உருவாக்க வேண்டியிருந்தது. 1960-களிலேயே பிரிட்டிஷ் மின்வாரியங்கள் இரவு ஹீட்டர்களை மக்களிடம் ஊக்குவித்தன. 1978-இல் ‘எக்கானமி 7’ என்ற இரட்டைக் கட்டணம் வந்தது. பெயரில் உள்ள 7 என்பது இரவின் ஏழு மலிவு மணி நேரங்கள். வேல்ஸ் மலைக்குள் குடைந்து 1984-இல் திறக்கப்பட்ட டினோர்விக் நிலையமும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்: இரவு மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. அங்கே மலை ஏரி செய்யும் வேலையை வீட்டில் கற்கள் செய்கின்றன.

அடுக்குமாடிகளில் மின்சாரச் சூடேற்றம் பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில், கட்டி முடித்து இரண்டு மாதங்களே ஆகியிருந்த ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்தது. பெரிய கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய அந்தக் கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது; நான்கு பேர் இறந்தார்கள். அதன்பின் அதே முறையில் கட்டிய பல கட்டடங்களில் எரிவாயு இணைப்பு நீக்கப்பட்டது. எரிவாயு போன இடத்துக்கு மின்சாரம் வந்தது. இன்று தமிழர்கள் அதிகம் வாழும் ஈஸ்ட் ஹாமும் மேனர் பார்க்கும் இதே நியூஹாமில்தான் இருக்கின்றன.

மலிவு நேரம் தொடங்கிவிட்டது என்று மீட்டருக்கு யார் சொல்வது? சில வீடுகளில் மீட்டரோடு ஒரு கடிகாரம் இருக்கும். வேறு பல வீடுகளில் வானொலி அந்த வேலையைச் செய்தது. 1980-களிலிருந்து பிபிசி ரேடியோ 4-இன் 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில், செய்திக்கும் நாடகத்துக்கும் அடியில், காதுக்குக் கேட்காத சமிக்ஞை ஒன்று சேர்த்து அனுப்பப்பட்டது. லட்சக்கணக்கான வீடுகளின் மீட்டர்கள் அதைக் கேட்டு ஹீட்டர்களைப் போட்டன, அணைத்தன. அந்தக் கருவிகள் பழசாகிவிட்டதால் 2025 ஜூன் 30 முதல் இந்தச் சேவையைப் படிப்படியாக நிறுத்தும் பணி தொடங்கியது. உங்கள் வீட்டு மீட்டர் அருகே ‘ரேடியோ டெலிஸ்விட்ச்’ என்று எழுதிய கறுப்புப் பெட்டி இன்னும் இருந்தால், அதை ஸ்மார்ட் மீட்டராக மாற்றச் சொல்லி மின் நிறுவனத்திடம் கேட்பது அவசரமான வேலை. சமிக்ஞை நின்றால் ஹீட்டர் மின்சாரம் ஏறாமலே கிடக்கலாம். அல்லது விலை கூடிய பகலில் ஏறலாம்.

கட்டணத்தைக் கணக்குப் போடுதல்

எக்கானமி 7-இல் இரவு யூனிட் மலிவு. அதற்கு ஈடாகப் பகல் யூனிட், சாதாரண ஒற்றைக் கட்டணத்தைவிட அதிகம். ஆகவே இரவுக் கட்டணம் எல்லோருக்கும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. கணக்குக்காக மூன்று விலைகளை எடுத்துக்கொள்வோம்: இரவு யூனிட் 16 பென்ஸ், பகல் யூனிட் 32 பென்ஸ், ஒற்றைக் கட்டணம் 26 பென்ஸ். விலைகள் காலாண்டுக்கு ஒருமுறையும் பகுதிக்குப் பகுதியும் மாறுபவை. உங்கள் பில்லில் உள்ள எண்களை இட்டுக்கொள்ளுங்கள்.

பகல் விலையிலிருந்து ஒற்றை விலையைக் கழியுங்கள்: 6. பகல் விலையிலிருந்து இரவு விலையைக் கழியுங்கள்: 16. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.375. உங்கள் மொத்த யூனிட்டில் 37.5 சதவீதத்துக்கு மேல் இரவில் செலவானால் இரட்டைக் கட்டணம் லாபம். அதற்குக் கீழே என்றால் நஷ்டம். ஆண்டு முழுவதற்குமான யூனிட்டை வைத்துப் பாருங்கள். கோடையில் ஹீட்டர் அணைந்திருக்கும் மாதங்களில் இரவுப் பங்கு சரிந்துவிடும் என்பதால், ஒரு மாதப் பில்லை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தவறாகப் போகும்.

இப்போது அந்த விசிறி ஹீட்டருக்கு வருவோம். 2 கிலோவாட் ஹீட்டர் மாலையில் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட். பகல் விலையில் 3 பவுண்ட் 20 பென்ஸ். அதே 10 யூனிட்டை முந்தின இரவே கல்லில் ஏற்றியிருந்தால் 1 பவுண்ட் 60 பென்ஸ். முப்பது நாளுக்கு வித்தியாசம் 48 பவுண்ட். ஸ்டோரேஜ் ஹீட்டரும் விசிறி ஹீட்டரும் சேர்ந்து ஓடும் வீட்டில் பணம் ஒழுகும் முதல் ஓட்டை இதுதான்.

கடைகளில் ‘குறைந்த மின்சாரம், அதிக வெப்பம்’ என்று எழுதி விற்கும் எண்ணெய் ரேடியேட்டர், செராமிக் ஹீட்டர், பேனல் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். கம்பிச் சுருளில் பாயும் மின்சாரம் முழுதும் வெப்பமாகிறது: ஒரு யூனிட் போட்டால் ஒரு யூனிட் வெப்பம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 20 பவுண்ட் ஹீட்டரும் 200 பவுண்ட் ஹீட்டரும் இதில் சமம். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு தெர்மோஸ்டாட்டும் டைமரும் எவ்வளவு நுட்பமானவை என்பதில்தான்.

குடியேறிய முதல் வாரத்திலேயே மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது, உங்கள் பில் உண்மையில் இரட்டைக் கட்டணமா? முன்பு இருந்தவர் ஒற்றைக் கட்டணத்துக்கு மாறியிருந்தால் இரவில் கல்லைச் சுடவைப்பதால் ஒரு பென்னிகூட மிச்சமில்லை. இரண்டாவது, மீட்டரின் இரண்டு எண்களில் எது இரவு, எது பகல்? நல்ல பகலில் கெட்டிலைப் போட்டுவிட்டு எந்த எண் நகர்கிறது என்று பாருங்கள். பில்லில் அவை இடம் மாறி ஏறியிருந்தால் உடனே தெரிந்துவிடும். மூன்றாவது, மலிவு நேரம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? இது பகுதிக்குப் பகுதி வேறுபடும். பல பழைய மீட்டர்கள் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே ஓடுவதால், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போது மலிவு நேரமும் ஒரு மணி நேரம் பிந்தி வரும். குடிவந்த நாளிலும் காலிசெய்யும் நாளிலும் இரண்டு எண்களையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் வரும் தகராறுகளைத் தடுக்கும்.

இரண்டு குமிழ்கள், இரண்டு நேரங்கள்

இன்புட் குமிழ், இன்றிரவு எவ்வளவு வெப்பத்தைக் கல்லில் ஏற்றுவது என்பதைத் தீர்மானிக்கிறது. இப்போது திருகினால் இப்போது ஒன்றும் நடக்காது. பலன் நாளைக்குத்தான். அவுட்புட் குமிழ், ஏற்கெனவே ஏறியிருக்கும் வெப்பத்தை எவ்வளவு வேகமாக வெளியே விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. பெட்டியின் உள்ளே ஒரு தகட்டுக் கதவு உண்டு. குமிழைக் கூட்டினால் அது திறந்து கற்களின் ஊடே காற்றை விடுகிறது. சில மாடல்களில் இதற்கு ‘பூஸ்ட்’ என்று பெயர் எழுதியிருக்கும். புதிதாக வெப்பம் உண்டாகும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் தருகிறது. உண்மையில் இருப்பதைச் சீக்கிரம் காலிசெய்வதே அதன் வேலை. இதற்கு நேர்மாறாக, வேறு சில மாடல்களில் தனிச் சுருள் ஒன்று பகல் விலையில் மின்சாரத்தை இழுக்கும் பூஸ்ட் பொத்தானும் உண்டு. உங்கள் பெட்டியில் இருப்பது எது என்று மாடல் எண்ணை வைத்துக் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

முழு நாள் வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்தும் ஒழுங்கு இது. படுக்கும் முன் அவுட்புட்டை மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள். திறந்தே இருந்தால், மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெப்பமும் வெளியேறிக்கொண்டிருக்கும். காலையிலும் அதே எண்ணில் விட்டுவிட்டு வெளியே போங்கள். பெட்டியின் உள்கதவு மூடியிருந்தாலும் வெளித் தகடு வழியாகக் கசியும் வெப்பமே வீட்டை உறையாமல் காக்கும். மாலையில் வந்ததும் அவுட்புட்டைக் கூட்டுங்கள். ஐந்தாறு நாள் இப்படிச் செய்து பார்த்தபின் இன்புட்டைத் தொடுங்கள். படுக்கும் நேரத்திலும் பெட்டி நன்றாகச் சூடாக இருந்தால் தேவைக்கு மேல் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு எண் குறையுங்கள். மாலை 7 மணிக்கே ஆறிவிட்டால் ஒரு எண் கூட்டுங்கள். நாளை உறைபனி என்று வானிலை அறிக்கை சொன்னால் கூட்ட வேண்டியது இன்றிரவே. இந்த ஒரு நாள் இடைவெளிதான் புதியவர்களைக் குழப்புகிறது: குளிரடிக்கும் அன்று இன்புட்டைக் கூட்டி, வெயிலடிக்கும் மறுநாள் வெந்து ஜன்னலைத் திறக்கிறார்கள்.

பகலில் வீட்டிலேயே இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு இந்த ஒழுங்கு சற்று மாறும். காலையில் அவுட்புட் நடுவில், மதியம் குறைவில், மாலையில் கூடுதலில் என்று பிரித்துக்கொள்ளலாம். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து தூங்கும் செவிலியருக்கோ இந்தப் பெட்டி சரியாகப் பொருந்துகிறது: அவர் வரும் நேரத்தில்தான் கல் உச்சச் சூட்டில் இருக்கும்.

பல பழைய பெட்டிகளில் இன்புட் குமிழின் உணர்கருவி இரவில் அறைக் காற்றின் குளிரையும் பார்க்கிறது. அறை குளிர்ந்திருந்தால் ‘நாளை குளிரும்’ என்று கணித்து அதிகம் ஏற்றிக்கொள்ளும். பெட்டிக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினால் அந்தக் கணிப்பு பிசகிவிடும். பெட்டியின் மேல் துணி உலர்த்துவதும், சோஃபாவை ஒட்டிப் போடுவதும் கூடாது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்துவிடும். தீ விபத்துக்கும் இடம் உண்டு. மே மாதம் வந்ததும் சுவர் ஸ்விட்சிலேயே அணைத்துவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2018 ஜனவரி 1 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் ஹீட்டர்களுக்குக் கடுமையாயின. இன்றைய ஸ்டோரேஜ் ஹீட்டரில் விசிறியும், மின்னணு டைமரும், எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தானே கணக்கிடும் வசதியும் இருக்கின்றன. வெப்பத் தடுப்பும் பழையதைவிடச் சிறந்தது. வெப்பம் மாலைவரை கல்லிலேயே தங்குகிறது. குமிழோடு மல்லுக்கட்டும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

வெந்நீர்த் தொட்டிக்கும் இதே நேரக் கணக்கு பொருந்தும். 120 லிட்டர் தண்ணீரை 45 டிகிரி உயர்த்த 6.3 யூனிட் வேண்டும். நம் உதாரண விலையில் இரவில் ஒரு பவுண்ட், பகலில் இரண்டு பவுண்ட். பல தொட்டிகளில் அடியில் ஒரு சுருளும் மேலே ஒரு சுருளும் இருக்கும். அடிச்சுருள் இரவுக்கு, மேற்சுருள் பகலில் அவசரத்துக்கு. மேற்சுருளின் ஸ்விட்சை யாரோ போட்டு மறந்துவிட்டுப் போன வீடுகள் பல உண்டு; போய்ப் பாருங்கள். தொட்டியின் தெர்மோஸ்டாட்டை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும்.

வீடு இழக்கும் வெப்பம்

எந்த ஹீட்டராக இருந்தாலும், வீடு இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்வதுதான் அதன் வேலை. உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ அதற்கு நேர்விகிதத்தில் இழப்பு நடக்கிறது. சுவர், கண்ணாடி, இடுக்குக் காற்று எல்லாம் சேர்ந்து ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 120 வாட் இழக்கும் ஒரு ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். வெளியே 5 டிகிரி, உள்ளே 18 டிகிரி. வித்தியாசம் 13. இழப்பு 1,560 வாட். ஒரு நாளைக்குச் சுமார் 37 யூனிட். சமையலும் மனித உடல்களும் ஜன்னல் வெயிலும் இதில் ஒரு பங்கைத் தரும். மீதியை ஹீட்டர் தர வேண்டும்.

உள்ளே 17 டிகிரி போதும் என்றால் வித்தியாசம் 12 ஆகிறது. பதின்மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8 சதவீதம் குறைகிறது, நாளுக்கு 2.9 யூனிட். ஆனால் குறைத்துக்கொண்டே போவதற்கு ஒரு எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குளிர்நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரியைப் பாதுகாப்பான குறைந்தபட்ச வெப்பநிலையாகச் சொல்கின்றன. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் இதற்குக் கீழே இறங்குவது சிக்கனத்தில் சேராது.

பணம் செலவழிக்காமலோ கொஞ்சம் செலவழித்தோ அந்த 120 வாட்டைக் குறைக்கக் குடியிருப்பவரால் முடியும். கதவுக்கு அடியில் வரும் காற்றைத் துணிச்சுருளால் அடைக்கலாம். ஜன்னல் சட்ட இடுக்குகளுக்கு ஒட்டும் பஞ்சுப் பட்டை போதும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு, ஹேர் டிரையரால் இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் இடையில் சிக்கும் காற்று தடுப்பாகிறது, காலிசெய்யும்போது உரித்துவிடலாம். அடர்ந்த திரைச்சீலை உதவும், ஆனால் அது ஹீட்டரின் மேல் தொங்கக் கூடாது. வீடு தேடும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: மேலும் கீழும் இருபுறமும் அண்டை வீடு உள்ள நடு ஃபிளாட்டுக்குக் குளிரோடு தொடர்புள்ள சுவர்கள் குறைவு. மேல்மாடி மூலை ஃபிளாட்டின் வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கலாம். மூன்று சுவரும் கூரையும் வெளியே பார்க்கும் வீட்டில் அந்த மிச்சத்தை ஜனவரி பில் எடுத்துக்கொள்ளும்.

சோற்று ஆவியும் சுவர்ப் பூஞ்சையும்

செலவுக்குப் பயந்து ஹீட்டரை முழுக்க அணைப்பவர்களுக்கு வேறு வழியில் செலவு வரும். 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக் காற்று 9 கிராம்தான். சோறு வடித்து, குழம்பு கொதித்து, உள்ளேயே துணி உலர்த்தும் வீட்டில் காற்றில் நீராவி ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்று குளிர்ந்த வெளிச்சுவரைத் தொட்டதும் தாங்க முடியாத நீர் சுவரில் படிகிறது. அலமாரிக்குப் பின்னாலும் படுக்கையறை மூலையிலும் கறுப்புப் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். அது ஆஸ்துமாவைக் கிளறும். காலிசெய்யும்போது முன்பணத்தில் கைவைக்க உரிமையாளருக்குக் காரணமாகவும் ஆகும்.

மருந்து எளியது. சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள், வெளியேற்றும் விசிறியைப் போடுங்கள். காலையில் ஐந்து, பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்றை மாற்றுங்கள். அந்த நேரத்தில் காற்றிலுள்ள வெப்பம்தான் போகும். சுவரிலும் சாமான்களிலும் தங்கிய வெப்பம் பெரும்பாலும் இருக்கும். நாள் முழுக்கச் சிறிது திறந்துவைத்தால் இரண்டுமே போகும்.

உங்கள் கையிலும் உரிமையாளர் கையிலும்

வாடகை வீட்டில் பில் கட்டுபவர் ஒருவர். சுவரும் ஹீட்டரும் வேறொருவருடையவை. நல்ல ஹீட்டருக்குச் செலவு செய்பவருக்கு அதன் மிச்சம் போவதில்லை என்பதால் பழைய பெட்டிகள் பல ஆண்டுகள் அப்படியே நிற்கின்றன. இந்த முடிச்சைக் கொஞ்சமாவது அவிழ்க்கச் சட்டம் சிலவற்றைச் செய்திருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் வாடகை வீட்டுக்கு எரிசக்தித் திறன் சான்றிதழ் தேவை. ஏ முதல் ஜி வரை தரம் பிரிக்கும் அந்தச் சான்றிதழில் குறைந்தது ‘இ’ தரம் இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளவற்றுக்கும் இந்த விதி பொருந்துகிறது. விதிவிலக்குப் பதிவு செய்த வீடுகளுக்கு மட்டும் விலக்கு. சான்றிதழை யார் வேண்டுமானாலும் அரசின் இணையப் பதிவேட்டில் முகவரியை இட்டுப் பார்க்கலாம். வீட்டில் எந்த வகை ஹீட்டர், சுவரில் வெப்பத் தடுப்பு உண்டா, எதை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அதில் இருக்கும். உரிமையாளரிடம் பேசப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல தாள் இல்லை.

பில் உங்கள் பெயரில் நேரடியாக வருகிறது என்றால் மின் நிறுவனத்தையும் கட்டணத் திட்டத்தையும் மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை. மீட்டரையே மாற்றுவதானால் ஒப்பந்தத்தைப் படித்து உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். மின்சாரத்தை உரிமையாளரே வாங்கி உங்களுக்கு விற்கிறார் என்றால், தான் கொடுத்த விலைக்கு மேல் யூனிட்டுக்கு வசூலிக்க அவருக்கு அனுமதியில்லை. ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் விதி இது. உடைந்த ஹீட்டரைச் சரிசெய்வது உரிமையாளரின் கடமை. குமிழ் சுற்றுகிறது ஆனால் கல் சூடேறவில்லை என்றால், விசிறி ஹீட்டரோடு குளிர்காலத்தை ஓட்டாமல் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் மையங்களில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

ஸ்டோரேஜ் ஹீட்டரின் எதிர்காலம் என்ன என்ற கேள்விக்கும் எண்ணே பதில் சொல்லும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துவரும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. 32 பென்ஸ் பகல் விலையில் ஓடினாலும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 11 பென்ஸ்தான் ஆகிறது. இரவு விலையில் ஓடும் ஸ்டோரேஜ் ஹீட்டருக்கோ 16 பென்ஸ். கல்லால் இந்தப் போட்டியில் வெல்ல இயலாது. ஆனால் ஹீட் பம்ப் வைக்க வெளிச்சுவரும் முதலீடும் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்; பத்தாவது மாடி வாடகை ஃபிளாட்டில் அவை சேர்ந்து கிடைப்பது அரிது. அதுவரை கல்லுக்கு வேலை இருக்கிறது. இரவில் காற்றாலைகள் நாட்டுக்குத் தேவையானதைவிட அதிகம் தரும் நேரங்களில் அந்த மின்சாரத்தை வாங்கிவைக்கவும் அது பயன்படும்.

மிச்சம் பிடிக்க விரும்புபவர் இந்த வரிசையில் போகட்டும். முதலில் கட்டணத் திட்டம். அது தவறாக இருந்தால் மற்ற எதுவும் உதவாது. இரண்டாவது, பகல் விலையில் ஓடும் செருகு ஹீட்டரையும் தொட்டியின் மேற்சுருளையும் நிறுத்துவது. மூன்றாவது, குமிழ்களின் ஒழுங்கு. நான்காவது, இடுக்குகளை அடைப்பது. ஐந்தாவதாகத்தான் வெப்பநிலையைக் குறைப்பது. பெரும்பாலானோர் முதலில் செய்வது இதைத்தான், நடுங்கியும் பெரிதாக மிச்சம் பிடிக்காமல் போவதும் இதனால்தான். அடுத்த வீட்டுக்கு ஒப்பந்தம் போடும் முன் ஏஜெண்டிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஹீட்டர் எந்த மாடல், மீட்டர் எந்தக் கட்டணத்தில் ஓடுகிறது, மலிவு நேரம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது.